வாய்க்கு ஒரு நோன்பு

சேவூரில் ஜெசிந்தாவின் கையால் எதையாவது வாங்கியவர்கள் இரண்டு வகைதான். அவள் குணம் தெரியாமல் வாங்கியவர்கள், வேறு வழியில்லாமல் வாங்கியவர்கள்.

கஞ்சத்தனம் என்று மட்டும் அவளை யாரும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பூங்காவனத்துக்கு இடுப்பு வலி கண்ட அன்று, போகிற ஆட்டோவை மறித்து ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் ஜெசிந்தாதான். மூன்று நாள் ஃபிளாஸ்க்கில் கஞ்சி சுமந்தவளும் அவள்தான். அன்று பிறந்த பிள்ளை இப்போது காலேஜ் போகிறான். ஜெசிந்தா வாசலில் நிற்பது தெரிந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறான். "நான் மட்டும் ஆட்டோ புடிக்கலைன்னா நீ ரோட்லயே பொறந்திருப்படா" என்பதை ஒரு மனிதன் எத்தனை தடவைதான் கேட்பான்?

மாதா கோவிலுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இறக்கையில் 'அன்பளிப்பு: திருமதி ஜெசிந்தா அருள்தாஸ், சேவூர்' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும். ஃபேன் சுற்றும்போது அதை யாரும் படிக்க முடியாதே. அந்தக் குறையைத் தீர்க்க ஞாயிறுதோறும் அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, "காத்து நல்லா வருதா?" என்று கேட்பாள். பூசை முடிவதற்குள் நாலு பேரிடமாவது கேட்டுவிடுவாள்.

கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயதில் அரிசி மில்லில் வேலை பார்த்த அருள்தாஸைக் கட்டிக்கொண்டு சேவூருக்கு வந்தாள். வந்த வருஷமே பாவு பிணைக்கக் கற்றுக்கொண்டாள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு நூல். ஒரு பாவு நெய்து தீரும்போது, அதன் கடைசி நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொரு இழையாகச் சேர்க்க வேண்டும். ஒரு சேலைப் பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலில் துளி சாம்பலைத் தொட்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினால் முடிச்சு தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். இழையின் வரிசை மட்டும் மாறக்கூடாது. ஒன்று மாறினால் அதற்கப்புறம் உள்ளது எல்லாமே தப்பு. இருபத்தேழு வருஷமாக ஜெசிந்தாவின் விரல் தப்பியதில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவள் ஞாபகப்படுத்துவாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, அருள்தாஸின் தங்கை தமிழ்ச்செல்வி ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள், டயர் வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே நெய்வது அவள் புருஷன் எழிலரசன், பாவு பிணைப்பது தமிழ்ச்செல்வி. எழிலரசனின் விரல் தறிக்குத்தான் லாயக்கு. அவன் நூறு இழை பிணைத்துப் பார்த்ததில் நாற்பது கழன்றுவிட்டது. கல்யாண சீசன், வெளியில் பிணைக்கிறவர்கள் யாரும் கிடைக்கவில்லை. பட்டு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் கடைக்காரர் குமரேசன் வந்து பார்த்துவிட்டு, "சனிக்கிழம சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள பாவு ஏறலைன்னா வேற தறிக்கு எடுத்துகினு போயிடுவேன், கோச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை இந்தச் சேதி கேட்டதும் ஜெசிந்தா ரசச் சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நேராக உள்ளே போய்ப் புதுப் பாவின் பக்கத்தில் உட்கார்ந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணி, சோத்த வெச்சிட்டுப் போ. பாவு மேல கை வெக்காத" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஏண்டி? என் கை இன்னா வெந்து பூட்ச்சா?"

"கை நல்லாதான் கீது. வாய்தான் பேஜாரு. நீ ஒரு நாள் பிணைப்ப. நான் சாவுற வரைக்கும் கேட்டுகினு இருக்கணும்."

"தறி சும்மா கெடக்கும்டி."

"கெடக்கட்டும். எம் பொண்ணு கவுனக் கழட்டிப் போட்டாளே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உன்கிட்ட இனிமே ஒரு குண்டூசிகூட வாங்கமாட்டேன்."

ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. தமிழ்ச்செல்வியின் மகள் ஜெயப்ரியாவுக்குப் புது நன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். ஜெசிந்தாதான் வெள்ளை கவுன் தைத்துக் கொடுத்தாள். நல்ல துணி, கையில் லேஸ் வைத்தது. பிரியாணிப் பந்தியில் விருந்தாளிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "நான் மட்டும் எடுத்துக் குடுக்கலைன்னா இது பழைய பாவாடையோடதான் நன்மை வாங்கியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒன்பது வயதுப் பெண் இலையிலிருந்து எழுந்து உள்ளே போய், கவுனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வீட்டில் போடும் நைட்டியோடு வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அத்தை கொடுக்கும் மிட்டாயைக்கூட அது தொட்டதில்லை.

ஜெசிந்தா தூக்கைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

"உந் தங்கச்சிக்கு எம்மாந் திமிரு தெரியுமா?" என்று அருள்தாஸிடம் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்.

அருள்தாஸ் நிதானமாகச் சோற்றைப் பிசைந்தான். "சரியாதான சொல்லிக்கீறா" என்றான்.

"இன்னா சரி? குடுக்கறது தப்பா?"

"இந்த ரசத்துக்குப் புளி வாங்கினாந்தது நீதான்னு காலைலருந்து மூணு தபா சொல்லிட்ட. நான் இன்னா புளி வேணாம்னா சொன்னேன்? சாப்புடுறப்ப தொண்டைல நிக்குது, அவ்ளோதான்."

அவன் கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து சத்தம் போட்டுப் பேசியதில்லை. அதனால் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது.

மறுநாள் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு ஜெசிந்தா ஒரு தீர்மானம் எடுத்தாள். கறி மீன் விடுவதெல்லாம் அவளுக்கு ஒரு ஒறுத்தலே இல்லை. ஈஸ்டர் வரைக்கும் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதில்லை. ஆண்டவரே சாட்சி.

அந்தச் சாட்சியின் முன்னாலேயே, பூசை முடிந்து எழுவதற்குள், "காத்து வருதா?" என்று கேட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை எப்படியோ பகல் முழுக்கத் தாண்டினாள். சாயங்காலம், தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சுண்டல் கொடுத்தபோது, சுண்டலுக்குத் தேங்காய் யார் வீட்டுத் தேங்காய் என்பது தானாக வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்தது வலித்ததே தவிர, சொன்னது சொன்னதுதான். ஒரு வேளைச் சோற்றை விடலாம், வெற்றிலையை விடலாம். இருபத்தேழு வருஷமாக ருசி கண்ட பேச்சை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டி போட்டாள். ஃபாதர் அன்பரசு தேசூர் பக்கத்துக்காரர். சாமியாராகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கேட்கிற காது இளசு என்பதால் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"குடுத்தத சொல்லிக் காட்டுறேன் ஃபாதர். இந்தத் தவக்காலம் வுடணும்னு பாத்தேன். மூணு நாள்ல நாலு தபா வாய் தவறிட்ச்சி. ஒரு சின்னப் பொண்ண எல்லார் முன்னாடியும் தல குனிய வெச்சிட்டேன். அது ஆறு வருஷம் ஆவுது. அது பாவம்னு இந்த வாரந்தான் தெரிஞ்சிது."

ஃபாதர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கடைசியா நீங்க யார்கிட்டயாவது எதையாவது கேட்டு வாங்கினது எப்பம்மா?" என்றார்.

"நான் யார்கிட்டயும் கை நீட்டினவ இல்ல ஃபாதர்." பாவசங்கீர்த்தனத்தில் முட்டி போட்டிருக்கிறோம் என்பதைக்கூட மறந்து, பெருமையாகத்தான் சொன்னாள்.

"நெனச்சேன்" என்றார் ஃபாதர். "ஞாயித்துக்கிழமை பூசைக்குள்ள யார்கிட்டயாவது போயி, உங்களுக்கு நெஜமாவே தேவைப்படுற ஒன்ன கேளுங்க. அதான் உங்களுக்குப் பரிகாரம்."

"அது வேணாம் ஃபாதர். ஜெபமாலை குடுங்க. அம்பத்திமூணு மணியும் முட்டி போட்டே சொல்லிடுறேன்."

"சொல்லுவீங்கன்னு தெரியும். அதனாலதான் குடுக்கல."

சின்னப் பையனாக இருந்துகொண்டு என்ன அழுத்தம் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பாவ மன்னிப்பு வாங்கின கையோடு சாமியாரைத் திட்டியது எந்தக் கணக்கில் வரும் என்று வேறு குழப்பம்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு யோசனை தோன்றியது. நேராகப் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போய், "கொஞ்சம் கறிவேப்பிலை குடேன்" என்றாள்.

பூங்காவனம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒடம்பு சரியில்லையாக்கா? உன் வூட்டுப் பின்னாடியே அம்மாம்பெரிய மரம் கீதே?"

ஆண்டவர் அவ்வளவு ஏமாளியா என்ன? ஜெசிந்தாவுக்கு முகம் சுருங்கியது. அப்போது பூங்காவனத்தின் தறி கண்ணில் பட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தத் தறிக்குக் கருநீலப் பாவு பிணைத்தவள் அவள்தான். அன்று நடுவில் வரிசை மாறிவிட்டது. நெய்ய உட்கார்ந்தால் இழை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றது. பூங்காவனம் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தாள். சாயம் போட்டவன் பட்டு நூலை வேகவைத்துக் கெடுத்துவிட்டான் என்று ஜெசிந்தா அடித்துச் சொல்லிவிட்டாள்.

சங்கதி வேறு. போன தீபாவளியிலிருந்தே அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. மஞ்சள், மாம்பழக் கலர் என்றால் காலை வெளிச்சத்தில் சமாளித்துவிடுவாள். கருநீலம், அரக்கு என்றால் நாலு இழை ஒரே இழையாகத் தெரியும். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா கண் ஆபரேஷனுக்குப் போய், ஒரு கண் பார்வை போய்த் திரும்பி வந்தவள்.

"பூங்காவனம்" என்றாள் ஜெசிந்தா. "அன்னிக்கு உன் பாவு சிக்கினது சாயத்தால இல்ல. எனக்குக் கண்ணு தெரியல. நான்தான் வரிசய மாத்திட்டேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா? அப்ப ஏண்டி கேக்கல?"

"கேட்டா நீ ஆட்டோ கதைய ஆரம்பிப்ப. அதக் கேக்கறதுக்கு ரெண்டு நாள் உக்காந்து பிரிச்சிடலாம்."

சொல்லிவிட்டுப் பூங்காவனம் சிரித்தாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரைக் காப்பாற்றிய கதையைக் காட்டியே ஒருத்தி வாயை இத்தனை வருஷம் அடைத்து வைத்திருக்கிறோமே என்று உறைத்தது. சாயக்காரனிடமும் போய்ச் சொல்ல வேண்டும். அது இன்னொரு நாள் வேலை.

கறிவேப்பிலையை வாங்காமலே தமிழ்ச்செல்வியின் வீட்டுக்கு நடந்தாள். இந்தத் தடவை பாவின் பக்கம் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"மறுபடியும் இன்னா அண்ணி?" என்றாள் தமிழ்ச்செல்வி. "நான்தான் சொல்லிட்டனே."

"குடுக்க வரல. கேக்க வந்தேன்."

தமிழ்ச்செல்வி புருவத்தைத் தூக்கினாள்.

"கண்ணு தெரியல தமிழு. புரைன்னு நெனைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தனியா போவ பயமா கீது. எங்கம்மாவுக்கு ஆன மாதிரி ஆயிடுமோன்னு ராத்திரியில தூக்கம் புடிக்கல. நீ என்கூட வரியா?"

தமிழ்ச்செல்வி நம்பவில்லை. பாவிலிருந்து இரண்டு இழையை வலது கையால் தூக்கிப் பிடித்தாள். அரக்குக் கலர்.

"இது எத்தினி?"

"ஒன்னு."

தமிழ்ச்செல்வி இழைகளைக் கீழே விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப அன்னிக்கு ஜம்முனு வந்து உக்காந்தியே, எத வெச்சிப் பிணைக்கலாம்னு வந்த? வாயாலயா?"

"அத வெச்சிதான இத்தினி நாள் ஓட்டினேன்" என்றாள் ஜெசிந்தா.

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்ததில் கட்டுப் போட்ட கை ஆடி, "அம்மா" என்று பிடித்துக்கொண்டாள். வலி அடங்கியதும், "திங்கக்கிழம போவலாம்" என்றாள். "உள்ள வா. படியிலயே நின்னா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

உள்ளே போய் உட்கார்ந்தவளை ஒரு பார்வை, பாவை ஒரு பார்வை பார்த்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை.

"அண்ணி, வரிசப்படி இழையப் பிரிச்சி நான் ஒரு கையால எடுத்துக் குடுத்தா நீ முறுக்கிடுவியா?"

ஜெசிந்தா விரல்களைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். முறுக்குவதற்குக் கண் வேண்டியதில்லை. ஒட்டியதா, வழுக்குகிறதா என்று தோலுக்கே தெரியும். "குடு" என்றாள்.

எழிலரசன் பழைய பாவை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, இவர்களுக்கு நடுவில் இருப்பது உடம்புக்கு நல்லதில்லை என்று டீக்கடைக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தமிழ்ச்செல்வி பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்து ஜெசிந்தாவின் விரலுக்கு நடுவில் வைப்பாள். ஜெசிந்தா சாம்பலைத் தொட்டு முறுக்குவாள். முதல் ஒரு மணி நேரம் கை ஒத்துப்போகவே இல்லை.

"ஜல்தியா குடுடி, தூங்கறியா?"

"நீ புடுங்காத. உன் புருசன் வூட்டு நூலு இல்ல, பட்டு."

"உன் அண்ணன்தாண்டி என் புருசன்."

"அதான் சொல்றேன், பட்டுக்கும் அவனுக்கும் இன்னா சம்மந்தம்?"

ஆயிரம் இழை தாண்டியபோது பேச்சு நின்று கை ஓடியது. இரண்டாயிரமாவது இழையில் ஜெசிந்தா ஒரு தடவை, "இந்நேரம் நான் மட்டும் வரலைன்னா..." என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டாள். தமிழ்ச்செல்வி தலை நிமிராமல், "முழுங்கிட்டியா?" என்றாள்.

"முழுங்கிட்டேன்."

"தண்ணி வேணுமா?"

மத்தியானம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஜெயப்ரியா வந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள், அம்மாவைவிட உயரம். அத்தையை உள்ளே பார்த்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

ஜெசிந்தா இழையை விடாமலே பேசினாள். "பாப்பா, அந்த கவுனு விசயம். அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீ எந்தத் துணி போட்டுகினு நின்னிருந்தாலும் ஆண்டவர் வந்திருப்பாரு. அத நான் என் துணியால வந்த மாதிரி பேசிட்டேன்."

அந்தப் பெண் பையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். சரி, ஆறு வருஷத்துக் கோபம், ஆறு நிமிஷத்தில் போகுமா என்று ஜெசிந்தா தன்னைத் தேற்றிக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால், பெரியவள் மன்னிப்புக் கேட்டும் மதிக்கவில்லை பார் என்று நாலு வீட்டில் சொல்லியிருப்பாள்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் குறைந்தது. தமிழ்ச்செல்வியே கண்ணைச் சுருக்க ஆரம்பித்தாள். இன்னும் முந்நூறு இழை பாக்கி. அப்போது பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம். ஜெயப்ரியா அதன்மேல் ஏறி உட்கார்ந்து, செல்போன் டார்ச்சைப் பாவின்மேல் அடித்தாள்.

"கை வலிக்கும் பாப்பா" என்றாள் ஜெசிந்தா.

"பரவால்ல அத்தை."

அத்தை என்று கூப்பிட்டது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஜெசிந்தாவின் விரலில் சாம்பல் கொஞ்சம் ஈரமாகிவிட்டது. துடைத்துவிட்டு வேறு சாம்பல் தொட்டுக்கொண்டாள்.

ஆறரைக்குக் குமரேசன் வந்தபோது எழிலரசன் பாவைத் தறியின் அச்சுச் சீப்பு வழியாக மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தான். ஒன்பது இழை அறுந்தது. மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குமரேசன் குனிந்து, பிணைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்கே! யார் கை இது?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். தமிழ்ச்செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியாவும் பார்த்தாள். ஜெசிந்தா பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து, திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் மொதலாளி" என்றாள் தமிழ்ச்செல்வி.

ராத்திரி அருள்தாஸிடம் கண் சங்கதியைச் சொன்னாள். அவள் கையிலிருந்த சாம்பாரைத் தானே வாங்கி ஊற்றிக்கொண்டான். "மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல, ஜெசி" என்றான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். மாவுக்கட்டுக் கையோடு தமிழ்ச்செல்வி வரிசையில் இடம் பிடித்து, சீட்டு வாங்கி, ஜெசிந்தாவை ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. புரைதான், ஆரம்பம், பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த மாசம் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் ஜெசிந்தாவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. கண்ணாடிக்கு அளவெடுக்க மறுபடியும் வெளியில் காத்திருக்கச் சொன்னார்கள்.

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த போளூர்க்கார அம்மாவிடம் தமிழ்ச்செல்வி பேச்சுக் கொடுத்தாள். "எங்க அண்ணிம்மா. தனியா வர பயம். எங்கை ஒடஞ்சிகீது பாத்தீங்களா, இந்தக் கையோட நான்தான் கூட்டினு வந்தேன். நான் மட்டும் வரலைன்னா இன்னும் ஒரு வருசம் மறைச்சிகினு இருந்திருக்கும்."

"ஐயோ பாவம்" என்றாள் போளூர்க்கார அம்மா.

கொஞ்ச நேரத்தில் எதிர் பெஞ்சுக்காரரிடமும் அதையே சொன்னாள். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

ஜெசிந்தாவின் நாக்கு நுனியில் ஏழெட்டுப் பதில் வந்து வரிசையில் நின்றது. ஒவ்வொன்றும் நல்ல பதில். ஒவ்வொன்றையும் முழுங்கினாள். மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு, கையைத் துழாவித் தமிழ்ச்செல்வியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் எதிர் பெஞ்சுப் பக்கம் திரும்பி. "இவதான் கூட்டினு வந்தா."